கண்டிச் சீமையும் கடல் கடந்த மக்களும்

தமிழ்நாட்டின் சிற்றூர்களிலே 'கண்டிக்குப் போனவர்' என்றொரு வழக்கு நெடுங்காலம் நிலவி வந்தது. போனவர் கண்டி நகரத்தைக் கண்ணால் கண்டிருக்கவும் மாட்டார். மாத்தளையில் இருந்திருப்பார்; கம்பளையில் இருந்திருப்பார்; அட்டனுக்கு அப்பால் ஏதேனும் ஒரு மலைச்சரிவில் கொழுந்து பறித்து வாழ்ந்திருப்பார். ஆயினும், ஊரார்க்கு அது எல்லாம் 'கண்டிச் சீமை'தான். ஒரு நகரத்தின் பெயர் ஒரு மலைநாடு முழுவதற்கும் பெயராகி, பின்பு ஒரு மக்கள் கூட்டத்தின் விதிக்கே பெயராகிவிட்டது. அம்மக்கள் பஞ்சத்துக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்தனர். நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தனர். பின்பு அவர்களுள் ஒரு பெரும் பகுதியினர் அதே கடலைத் திரும்பவும் கடக்க நேர்ந்தது. அந்த இரண்டு கடற்பயணங்களின் வரலாறும், அவை விட்டுச் சென்ற பண்பாட்டுச் செல்வமும் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

கண்டி அரசு 1815-ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் வசமாயிற்று. நாயக்கர் மரபில் வந்த கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் சிறைப்பட்டு, 1816-இல் கப்பலேற்றப்பட்டு, வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டான். 1832-இல் அங்கேயே அவன் உயிர் நீத்தான். மன்னன் கடல் கடந்து தமிழ்நாடு சென்ற சில ஆண்டுகளுக்குள், தமிழ்நாட்டின் ஏழை மக்கள் கடல் கடந்து அவன் ஆண்ட மலைகளுக்கு வரத் தொடங்கினர். வரலாற்றின் விந்தைகளுள் இதுவும் ஒன்று.

அவர்களை அழைத்து வந்தது கோப்பிப் பயிர். 1820-களில் ஜார்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் கோப்பித் தோட்டம் அமைத்தார். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் பேராதனையை அடுத்த கன்னொறுவையிலே தாமும் கோப்பி பயிரிட்டார். 1840-இல் முடிக்குரிய நிலங்கள் பற்றிய சட்டம் வந்தபின், உரிமைப் பத்திரம் காட்டப்படாத காடுகளும் புறம்போக்குகளும் அரசுக்குச் சொந்தமென்று கொள்ளப்பட்டு, தோட்டத் துரைமார்களுக்கு விற்கப்பட்டன. கண்டி நாட்டுச் சிங்களக் குடியானவர் தம் வயலையும் தோட்டத்தையும் விட்டு அன்னியரின் தோட்டத்திலே நாட்கூலி வேலைக்கு வர மனங்கொள்ளவில்லை. அவர்களுக்கு உழுவதற்கு நிலம் இருந்தது. அந்த நிலம் சுருங்கி வருவதைக் கண்டு அவர்கள் கொண்ட மனக்கசப்பும் பெரிது. இவ்வாறாக, ஒரு பக்கம் காடிழந்த குடியானவன், மறுபக்கம் நிலமே இல்லாத கூலியாள் என்ற இருவரையும் ஒரே சட்டம் எதிரெதிரே நிறுத்திற்று. பின்னாளில் தோன்றிய பகைமைகள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டின் நிலையோ வேறு. நிலம் சிலர் கையில் இருந்தது. சாதியினால் தாழ்த்தப்பட்டோர் பண்ணையடிமைகளாய்க் கிடந்தனர். மழை பொய்த்தால் கஞ்சிக்கும் வழியில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தைத் 'தாது வருஷப் பஞ்சம்' என்று பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். பிரிட்டிஷ் பேரரசில் 1834-இல் அடிமை முறை ஒழிந்தபின், மொரீசியசு, நேட்டால், மலாயா, பீஜி, மேற்கிந்தியத் தீவுகள் என்று உலகின் பல திசைகளுக்கும் தமிழர் கூலிகளாய்ச் சென்றனர். அத்தேசங்களுக்கெல்லாம் செல்ல நாட்கணக்கிலும் மாதக்கணக்கிலும் கப்பற் பயணம் வேண்டும். இலங்கைக்கோ தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல்தான். கிட்ட இருந்தமையாலேயே கண்டிச் சீமை பஞ்சம் பிழைக்கப் போவோர்க்கு முதல் புகலிடமாயிற்று.

ஆயினும், கடல் குறுகியதே தவிர, வழி குறுகியதன்று. தோணிகளில் நெருக்கியடித்து ஏறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் அங்கிருந்து மாத்தளை வரை நூற்றைம்பது மைலுக்கு மேல் கால்நடையாகச் செல்ல வேண்டியிருந்தது. வறண்ட காடு, குடிநீர் அரிது, யானையும் பாம்பும் உலவும் பாதை. காலராவும் அம்மையும் காய்ச்சலும் வழிநெடுக உயிர் கொண்டன. மாண்டோர் எத்தனை ஆயிரம் என்பதிலே வரலாற்றறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பலர் மாண்டனர் என்பதில் வேறுபாடில்லை. நடக்க மாட்டாதவரை வழியிலே விட்டுவிட்டு மற்றவர் சென்றதும் உண்டு. அந்த வடக்குப் பாதை முடிந்து மலை தொடங்கும் இடம் மாத்தளை. அங்கே எழுந்த முத்துமாரியம்மன் கோயில் இன்றும் மலையக மக்களின் பெருங்கோயில்களுள் ஒன்று. மாசி மகத்தில் ஐந்து தேர்கள் மாத்தளை வீதியில் உலா வருவதைக் காண மலைநாடெங்கிருந்தும் மக்கள் திரள்வர். அம்மை நோய்க்கும் மழைக்கும் அதிபதியாகிய தெய்வம், நோயையும் வறட்சியையும் கடந்து வந்தவர்களின் வழிமுடிவில் கோயில் கொண்டிருப்பது பொருத்தமே.

தொடக்கத்தில் வந்தவர்கள் நிலையாகத் தங்கினாரல்லர். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். பெரும்பாலும் ஆண்களே வந்தனர். 1869-இல் கோப்பி இலைகளிலே ஒருவகைப் பூஞ்சண நோய் கண்டது. அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழிலே அழிந்தது. ஆனால், அதற்கு முன்பே 1867-இல் கண்டிக்குத் தெற்கேயுள்ள லூல்கந்துரத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி இருந்த இடமெல்லாம் தேயிலை பரவிற்று. தேயிலைக்குப் பருவமென்று ஒன்றில்லை. கொழுந்து துளிர்க்குந்தோறும் ஆண்டு முழுவதும் பறித்தாக வேண்டும். அதற்குப் பெண்களின் விரல்கள் வேண்டும். ஆகவே, குடும்பம் குடும்பமாக ஆட்கள் வேண்டியவராயினர். பருவத்துக்கு வந்து போன கூட்டம் நிலையான குடிகளாயிற்று. ஒரு பயிர் மாறியதனால் ஒரு சமுதாயம் பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அச்சமுதாயத்தை ஆட்டிவைத்தவர் இருவர்: ஒருவர் துரை, மற்றவர் கங்காணி. கங்காணி ஊருக்குச் சென்று, முன்பணம் கொடுத்து, தன் சாதியாரையும் சுற்றத்தாரையும் அழைத்து வருவார். வழிச்செலவும் முன்பணமும் கூலியாளின் பேரில் கடனாய் ஏறும். ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின், கடன் தொகை குறித்த 'துண்டு' வேண்டும். அத்தொகையைப் புதிய துரை கட்டினால்தான் பழைய தோட்டம் ஆளை விடும். இந்தத் துண்டு முறை 1921-இலேதான் ஒழிந்தது. பிறந்த குழந்தை தாய் தந்தையரின் கடனோடு வளர்ந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லயன் அறையிலே ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்தது.

இத்தனை இடர்களுக்கும் இடையே அவர்கள் தம்முடன் கொண்டு வந்த பொருள் ஒன்று உண்டு. அதற்குச் சுங்கம் இல்லை. கங்காணியின் கணக்கிலும் அது ஏறவில்லை. அதுவே அவர்களுடைய பாட்டும் கூத்தும்.

மலையகத்தின் பெருங்கூத்து காமன் கூத்தாகும். மாசித் திங்களிலே கம்பம் ஊன்றி விழாத் தொடங்குவர். இரதிக்கும் மன்மதனுக்கும் திருமணம் நிகழும். தவத்திலிருக்கும் சிவன் மேல் மன்மதன் மலர்க்கணை தொடுப்பான், நெற்றிக் கண்ணால் எரிந்து போவான், இரதி புலம்புவாள். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் காமன் பண்டிகை உண்டு. மலையகத்திலோ அது தோட்டம் முழுவதும் கூடி, இரவெல்லாம் திறந்தவெளியில் ஆடிக் காணும் பெருவிழாவாக வளர்ந்தது. பகலிலே வெவ்வேறு மலைகளில் பிரிந்து உழைத்தவர்கள் அவ்விரவிலே ஒரே களத்தில் கூடினர். தட்டிக்கேட்க முடியாத ஓர் ஆற்றலால் கணவன் எரிந்து போக, மனைவி நின்று அழும் காட்சி அம்மக்களுக்கு வெறும் புராணக் கதையாக மட்டும் தோன்றியிராது. அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கர் கதையும் இவ்வாறே தோட்டங்களில் ஆடப்பட்டன. கூத்துக்கு உயிரான தப்பு, வேலை நாளிலும் ஒலித்தது. விடியற்காலையில் ஆட்களை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு அழைப்பதும் அதே தப்புத்தான். மணத்திலும் பிணத்திலும் திருவிழாவிலும் அதுவே முழங்கிற்று. அதனை முழக்கியவர்களோ சாதி அடுக்கிலே கீழே வைக்கப்பட்டிருந்தனர். கடல் கடந்தும் சாதி கரையவில்லை என்பதையும் மறைத்தல் கூடாது.

கூத்து ஆடவருடையதாயின், பாட்டுப் பெரும்பாலும் பெண்களுடையதாயிற்று. தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து பறிக்கும்போது பாடும் பாட்டு, கும்மி என்று அவை பலவகை. தோணிப் பயணத்தின் அச்சமும், அட்டைக்கடியும், மலைக்குளிரும், கங்காணியின் கொடுமையும், விட்டு வந்த ஊரின் நினைவும் அப்பாடல்களில் நிறைந்திருக்கின்றன. அரசின் ஏடுகளிலே ஆள் கணக்கும் இறாத்தல் கணக்குமே உண்டு. ஆள் என்ன நினைத்தாள் என்பதற்குப் பாட்டு ஒன்றே சான்று. இதனை உணர்ந்து அவற்றைத் தொகுத்தவர்களுள் முதன்மையானவர் சி. வி. வேலுப்பிள்ளை. மடக்கும்புரத் தோட்டத்திலே பிறந்து, 1947-இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகி, ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிய அவர், 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் தொகுப்பை அளித்தார். பின்னர்ச் சாரல்நாடன் முதலியோர் அப்பணியைத் தொடர்ந்தனர். கடலின் இக்கரையிலும் இக்கதை இலக்கியமாயிற்று. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்ற ஒரு பெண்ணின் கதை. 1964-இல் வெளிவந்த கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' என்னும் நாவல் தோட்டத் தொழிலாளரின் தலைமுறை வாழ்வைச் சொல்வது.

இனி, இரண்டாவது கடற்பயணம். 1948 பிப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. தந்தையும் இலங்கையிலே பிறந்ததற்குப் பத்திரம் காட்ட வேண்டுமென்றது சட்டம். லயன் அறையிலே பிறந்து, பேர் பதியப்பெறாமலே வாழ்ந்து மறைந்த பாட்டனுக்கும் தந்தைக்கும் பத்திரம் எங்கிருந்து வரும்? அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலில் வாக்குச்சாவடிக்குப் போக உரிமையற்றவராயினர்.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். நாடற்றவர் தொகை 9,75,000 என்று கணக்கிடப்பட்டது. அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனவும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதெனவும் இசைந்தனர். 1974-இல் அந்த எஞ்சியோரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. பகிரப்பட்டவர்களை யாரும் கலந்து பேசவில்லை. இலட்சக்கணக்கான மக்கள் பாகப்பிரிவினைப் பத்திரத்திலே கண்ட நிலம்போல் எண்ணப்பட்டனர்.

ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது கண்டி நகரம் அதன் ஒரு நடுவிடமாயிற்று. அங்கிருந்த இந்திய உதவி உயர் ஸ்தானிகர் அலுவலகத்தில் விண்ணப்பங்களுடன் தோட்ட மக்கள் காத்துக் கிடந்தனர். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று ஆனதுண்டு. பெற்றோர் ஒரு கரையிலும் மணமான மகள் மறுகரையிலுமாகப் பிரிந்ததுண்டு. 1970-களில் நேர்ந்த உணவுத் தட்டுப்பாடும், தோட்டங்கள் அரசுடைமையானபோது எழுந்த நெருக்குதலும், 1977 முதலான வன்செயல்களும், தயங்கியவர்களையும் புறப்படச் செய்தன. வேறு பலர் வடக்கே வன்னிப் பகுதிக்கு ஓடினர். புறப்பட்டவர்கள் மலைநாட்டு நிலையங்களில் கோச்சி ஏறித் தலைமன்னாரில் இறங்கி, 'இராமானுஜம்' என்னும் கப்பலில் இராமேசுவரம் சேர்ந்தனர். 1964 டிசம்பர்ப் புயலிலே தனுஷ்கோடி அழிந்துவிட்டமையால் இராமேசுவரமே இறங்குதுறையாயிற்று. தகரப் பெட்டியும் பாய்ச்சுருளும் வீட்டுச் சுவாமிப் படமுமாக அவர்கள் வந்து இறங்கினர். இவ்வாறு நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். 1984-இல் கப்பல் போக்குவரத்து நின்றதோடு அந்தப் பயணமும் நின்றது.

வந்தவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். அந்தப் பெயரிலேயே ஒரு பிழை உண்டு. திரும்புவதற்கு முன்பு ஒருமுறை அங்கிருந்து புறப்பட்டிருக்க வேண்டுமல்லவா? வந்தவர்களிற் பெரும்பாலோர் கண்டி மலைகளிலே பிறந்தவர்கள். அவர்கள் திரும்பவில்லை, முதன்முறையாக வந்தனர். தென்மாவட்டச் சிற்றூரில் இறங்கி, பாட்டனார் பெயரைச் சொல்லி விசாரித்தால், அறிந்தவர் ஒருவரும் இல்லை. அறிந்தவர் இருந்தாலும் பங்கு கேட்க வந்தாரோ என்று ஐயுற்றனர். கண்டியிலே 'இந்தியாக்காரன்' என்றழைக்கப்பட்டவன் இங்கே 'சிலோன்காரன்' ஆனான்.

அரசு உதவி செய்யாமல் இல்லை. முன்பு இலங்கைக்குச் செல்லும் கூலிகளைத் தங்கவைத்து நோய்ச் சோதனை செய்த மண்டபம் முகாமே, இப்போது இலங்கையிலிருந்து வருவோரைத் தாங்கும் இடமாயிற்று. அங்கே குடும்ப அட்டை வழங்கப்பட்டது. 1968-இல் நீலகிரியில் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம் பின்னர்த் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக வளர்ந்தது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி வட்டாரங்களில் ஆயிரக்கணக்கானோர் மீண்டும் கொழுந்துக் கூடை சுமந்தனர். கேரளத்திலும் கர்நாடகத்திலும் இரப்பர்த் தோட்டங்கள் அமைந்தன. 1969-இல் தாயகம் திரும்பியோர்க்கென ஒரு கூட்டுறவு வங்கியும் தோன்றிற்று. ஆயினும், சிறுகடை வைக்கக் கடன் பெற்ற பலர், கடையறியாத தோட்டத் தொழிலாளராதலின், முதலை இழந்தனர். கொடைக்கானல் மலைக்காடுகளிலே மரப்பட்டை உரிக்கும் வேலையில் கொத்தடிமைகளாய்ச் சிக்கியோரும் உண்டு. சமவெளியில் குடியேற்றப்பட்டோர் பலர், குளிரும் மலையும் தேடி, யாரும் அழைக்காமலே நீலகிரிக்கு ஏறிச் சென்றனர். தேயிலைச் செடியைக் கண்டால்தான் அவர்களுக்கு ஊர் என்று தோன்றிற்று.

இப்பயணத்திலும் அவர்கள் சுமந்து வந்தது பண்பாட்டையே. நீலகிரிக் குடியிருப்புகளிலே அவர்கள் தட்டிய ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கண்டி மலையின் உணவு. லயம், பிரட்டு, கோச்சி போன்ற சொற்கள் அவர்களோடு கடல் கடந்தன. முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டு சென்ற தாலாட்டிலும் ஒப்பாரியிலும் இப்போது இலங்கை மலைகளின் பெயர்கள் ஏறியிருந்தன. போகும்போது ஊரை நினைத்து அழுத பாட்டு, வரும்போது தோட்டத்தை நினைத்து அழுதது. பாட்டின் மெட்டு ஒன்றே. பிரிந்த இடந்தான் வேறு.

கண்டி மலைகளிலே தங்கியவர்களின் கதையும் முடிந்துவிடவில்லை. கண்டியில் 1972-இல் பவுல் கஸ்பர்ஸ் அடிகளார் நிறுவிய 'சத்தியோதய' நிலையம் போன்றவை, சிங்களரும் தமிழரும் சேர்ந்து தோட்ட மக்களின் உரிமைக்கு உழைக்க இடமளித்தன. 1988-இலும் 2003-இலும் இயற்றப்பட்ட சட்டங்களினால் நாடற்ற நிலை படிப்படியாக நீங்கிற்று. தெளிவத்தை ஜோசப் போன்ற எழுத்தாளர்கள் மலையகச் சிறுகதையைத் தமிழிலக்கியத்தில் தனித்துறையாக்கினர். கண்டியை அடுத்த அந்தானையில் தேயிலை அருங்காட்சியகம் ஒன்று உண்டு. டெய்லரின் பொருள்களையும் பழைய இயந்திரங்களையும் அங்கே காணலாம். கம்பளைப் பக்கத்திலே பழைய லயன் அறைகளிலே அமைந்த மற்றொரு காட்சியகத்திலோ, தொழிலாளியின் கூடையும் பாத்திரமும் தப்பும் வைக்கப்பட்டிருக்கின்றன. தேயிலையின் வரலாற்றுக்கு இரண்டும் வேண்டும். முதலாவதை மட்டும் கண்டவர் பாதியையே கண்டவராவார்.

2023-ஆம் ஆண்டில் மலையக மக்கள் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவு கூர்ந்தனர். ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட ஒரு கூட்டத்தார், முன்னோர் நடந்த வழியைப் பின்பற்றி ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நடந்து, ஆகஸ்டு 12-ஆம் நாள் மாத்தளையை அடைந்தனர். வழியிலே பிற இனத்தாரும் மதத்தாரும் அவர்களை வரவேற்று உடன் நடந்தனர். நிலமும் வீடும் நியாயமான கூலியும் தமக்கும் உரியவை என்பது அந்நடையின் வேண்டுகோள். முன்னோர் வாயில்லாமல் நடந்த பாதையில் வழித்தோன்றல்கள் கோரிக்கையோடு நடந்தனர் என்பதே இருநூறு ஆண்டுகளில் நேர்ந்த பெரும் மாற்றமாகும்.

ஒரு மக்கள் கூட்டத்துக்கு ஊர் எது என்பதைப் பத்திரம் தீர்மானிக்கிறதா, பாட்டுத் தீர்மானிக்கிறதா என்ற கேள்வியைக் கண்டிச் சீமையின் கதை நம் முன் வைக்கிறது. பத்திரங்கள் அம்மக்களை இரு முறை கடலில் இறக்கின. பாட்டோ அவர்கள் இறங்கிய கரைகளையெல்லாம் ஊராக்கிற்று. நீலகிரியில் கொழுந்து பறிக்கும் ஒருத்தியின் தாலாட்டிலே மாத்தளையும், மாத்தளைத் தேரின் வடத்திலே தமிழ்நாட்டுச் சிற்றூரும் இன்றும் வாழ்கின்றன. நாள்தோறும் காலையிலே தேநீர்க் கோப்பையைக் கையில் எடுப்போர், அதன் மணத்துக்குப் பின்னாலே இத்துணை நீண்டதொரு பயணம் இருப்பதை ஒரு கணமேனும் நினைப்பாராயின், அம்மக்களுக்குச் செலுத்த வேண்டிய கடனில் ஒரு சிறு பகுதி தீர்ந்ததாகும்.